ஹாஸ்பிஸ் நல்லதா இல்லையா என்று சேர்ப்பதற்கு முன்னாலேயே எப்படித் தெரிந்துகொள்வது?

கடைசிபெஞ்ச்:

வணக்கம். அம்மாவுக்கு நுரையீரல் புற்றுநோய். இடுப்பு எலும்புக்கும் முதுகெலும்புக்கும் பரவிவிட்டது. இனி கீமோ கொடுத்தால் உடம்பு தாங்காது, பலனும் இருக்காது, வலியில்லாமல் பார்த்துக்கொள்வதுதான் இனிமேல் வேலை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஹாஸ்பிஸில், அதாவது இப்படிப்பட்ட நோயாளிகளைக் கடைசி வரை பார்த்துக்கொள்ளும் இடத்திலோ குழுவிடமோ, பேசிப் பாருங்கள் என்று ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார்.

எங்களுக்கு எட்டும் தூரத்தில் இரண்டு இருக்கின்றன. ஒன்று கட்டடம், படுக்கைகள், தோட்டம் என்று பெரிய இடம். இன்னொன்று வீட்டுக்கே வந்து பார்க்கும் குழு, அவர்களுக்கு ஆபீஸ் என்று இருப்பதே ஒரு சின்ன அறைதான். பெரிய இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். தரை பளபளவென்று இருந்தது, சுவரில் புத்தர் படம், வரவேற்பறையில் இருந்த பெண் அவ்வளவு இனிமையாகப் பேசினார். ஆனால் நான் கேட்ட எந்தக் கேள்விக்கும் பதில் வரவில்லை. ராத்திரியில் வலி வந்தால் என்ன செய்வீர்கள் என்றேன். "நீங்கள் கவலையே படாதீர்கள் சார், எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்வோம்" என்றார். எதைப் பார்த்துக்கொள்வார்கள், யார் பார்த்துக்கொள்வார்கள் என்று தெரியாமலேயே திரும்பி வந்தேன்.

இணையத்தில் நட்சத்திர மதிப்பெண் பார்த்தால் ஒன்று ஐந்து, இல்லையென்றால் ஒன்று. நடுவில் எதுவுமே இல்லை. நன்றியில் எழுதுகிறவர்களும் கோபத்தில் எழுதுகிறவர்களும் மட்டும்தான் எழுதுகிறார்கள் போலிருக்கிறது, அதை வைத்து நான் என்ன முடிவெடுப்பது? வீட்டிலும் ஆளுக்கொரு பேச்சு. வலிக்கான மார்பின் மருந்தைக் கொடுத்தால் அம்மா சீக்கிரம் போய்விடுவாள் என்று அக்கா அழுகிறாள். ஆஸ்பத்திரியிலேயே வைத்துப் பார்க்கலாம் என்கிறான் தம்பி. அம்மாவிடம் கேட்டால் உங்களுக்கு எது சௌகரியமோ அதைச் செய்யுங்கள் என்கிறாள்.

இதில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். எதைக் கேட்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும்? பொதுவாக "மனசுக்குப் பிடித்த இடமாகப் பாருங்கள்" என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள்.

இரவுப்பணி:

தம்பி, நான் பல வருடங்களாக பாலியேட்டிவ் வார்டிலும் (கடுமையான நோயில் வலியையும் தொந்தரவையும் குறைக்கும் கவனிப்பு), வீட்டுக்குப் போகும் குழுவிலும் நர்ஸாக வேலை பார்ப்பவள். தரையையும் தோட்டத்தையும் விடுங்கள். ஒரு ஹாஸ்பிஸின் லட்சணம் ராத்திரி இரண்டு மணிக்குத்தான் தெரியும். பகலில் எல்லா இடமும் நல்ல இடம்தான்.

அதனால் சேர்ப்பதற்கு முன்பே ஒரு நாள் ராத்திரி அவர்கள் கொடுத்திருக்கும் எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அவசரம் இல்லை, விசாரிக்கத்தான் கூப்பிடுகிறேன் என்று எடுத்ததுமே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் அதே நேரம் நிஜமாகவே ஒருவர் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கலாம். எடுப்பது நர்ஸா, வாட்ச்மேனா, எங்கேயோ உட்கார்ந்து பெயரையும் நம்பரையும் மட்டும் குறித்துக்கொள்ளும் ஆளா என்று பாருங்கள். நர்ஸ் என்றால் அவர் கையில் நோயாளியின் மருந்து விவரம் இருக்குமா? "இன்னொரு டோஸ் கொடுங்கள்" என்று சொல்லும் அதிகாரம் அவருக்கு உண்டா, இல்லை, டாக்டரை எழுப்ப வேண்டுமா? எழுப்பினால் அந்த டாக்டர் எழுந்திருப்பாரா? நேரில் வர வேண்டியிருந்தால் எவ்வளவு நேரம் ஆகும்? இந்தக் கடைசிக் கேள்விக்கு "உடனே வந்துவிடுவோம்" என்பவர்களை விட, "ராத்திரியில் எங்களிடம் ஒரு வண்டிதான், ஒன்றரை மணி நேரம்கூட ஆகலாம், அதுவரை போனிலேயே கூட இருப்போம்" என்பவர்களை நான் நம்புவேன்.

வீட்டுக்கு வரும் குழு என்றால் இன்னொன்றும் கேளுங்கள். அவசர மருந்துகளை முன்கூட்டியே வீட்டில் வைத்துவிட்டுப் போவார்களா? நல்ல குழு ஒரு சின்னப் பெட்டி தயார் செய்து வைக்கும். அதில் வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் மார்பின் இருக்கும், வாந்திக்கும் குழப்பத்துக்கும் ஹாலோபெரிடால், பதற்றத்துக்கு லோராசெபாம் மாதிரி ஒன்று, கடைசி நேரத்தில் தொண்டையில் சளி கரகரக்கும்போது கொடுக்கும் மருந்து, எல்லாவற்றின் மேலும் எதற்கு, எவ்வளவு, எப்போது என்று உங்களுக்குப் புரிகிற மொழியில் எழுதி ஒட்டியிருக்கும். இது இல்லாவிட்டால் ராத்திரி போனை எடுப்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் "மருந்துக்கடை திறந்ததும் வாங்கிக் கொடுங்கள்" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்ல முடியாது.

அடுத்தது மார்பின். அதைப் பற்றி அவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று காது கொடுத்துக் கேளுங்கள். "அதெல்லாம் கடைசியில்தான் கொடுப்போம்" என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். வாய்வழியாக, கடிகாரம் பார்த்து, வலியின் அளவுக்கேற்பப் படிப்படியாக என்று உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே வழிகாட்டி வெளியிட்டுவிட்டது. சாதாரண மார்பின் மாத்திரையோ திரவமோ நான்கு மணி நேரம்தான் தாங்கும். அதனால் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கொடுக்க வேண்டும். வலி திரும்பி வரட்டும் என்று காத்திருந்து கொடுத்தால் அதை அடக்கக் கூடுதல் மருந்து தேவைப்படும், நோயாளிக்கும் நம்பிக்கை போய்விடும். இடையில் திடீரென்று வலி முட்டினால் கொடுப்பதற்கு என்று தனியாக ஒரு கூடுதல் டோஸ் எழுதியிருக்க வேண்டும், பொதுவாக ஒரு நாளின் மொத்த அளவில் ஆறில் ஒரு பங்கிலிருந்து பத்தில் ஒரு பங்கு வரை. "இடையில் வலி வந்தால் எவ்வளவு கொடுக்கலாம்" என்று கேளுங்கள். யோசிக்காமல் பதில் வர வேண்டும்.

அப்புறம் மலச்சிக்கல். சிரிக்காதீர்கள், நான் ஒரு இடத்தை எடை போடுவது இதை வைத்துத்தான். மார்பின் தொடங்கினால் வரும் குமட்டலும் தூக்கக் கலக்கமும் சில நாட்களில் பெரும்பாலும் குறைந்துவிடும், மலச்சிக்கல் மட்டும் குறையவே குறையாது. அதனால் முதல் நாள் மருந்துச் சீட்டிலேயே மலமிளக்கியும் இருக்க வேண்டும். அது இல்லை என்றால் அங்கே யாரும் கவனமாக வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

அக்காவிடம் சொல்லுங்கள், வலியின் அளவு பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக் கொடுக்கும் மார்பின் ஆயுளைக் குறைப்பதில்லை. சாகும் தறுவாயில் இருக்கிறவருக்கு அது கொடுக்கப்படுகிறது என்பதால் அதனால்தான் செத்தார் என்று தோன்றுகிறது. நர்ஸ் வீட்டுக்கு வரும்போது அக்காவையும் உட்கார வைத்து இதைப் பேசச் சொல்லுங்கள். அக்காவின் பயத்துக்கு அவர்கள் எவ்வளவு பொறுமையாகப் பதில் சொல்கிறார்கள் என்பதிலிருந்தும் உங்களுக்கு நிறையத் தெரியும்.

தெற்குஜன்னல்:

இரவுப்பணி மேடம் சொன்னதில் ஒரு வார்த்தை மிகையில்லை. நான் மறுபக்கம் இருந்து சொல்கிறேன். என் அப்பாவை ஒரு இடத்தில் சேர்த்திருந்தோம், பெயர் வேண்டாம். இருபத்து நான்கு மணி நேரக் கவனிப்பு என்று பலகையிலேயே எழுதியிருந்தார்கள். சனி, ஞாயிறு வந்தால் டாக்டர் என்கிற ஜீவனே கண்ணில் படாது.

அங்கே நான் பார்த்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பார்களாம், அதற்குக் கால்மாட்டில் ஒரு அட்டவணை தொங்கும். ஒரு சாயங்காலம் ஆறு மணி இருக்கும், சும்மா எடுத்துப் பார்த்தேன். ராத்திரி எட்டு, பத்து, பன்னிரண்டு, இரண்டு என்று எல்லாக் கட்டத்திலும் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தது. விடிகாலை நான்கு மணிக்கு அப்பாவை இடது பக்கம் திருப்பியாயிற்று என்று அந்தக் காகிதம் சொன்னது, இன்னும் பொழுதே சாயவில்லை. கேட்டதற்கு "ராத்திரியில் எழுத நேரம் இருக்காது சார்" என்று பதில். அப்பாவின் வால் எலும்புப் பகுதியில் தோல் அதற்குள் சிவந்து போயிருந்தது.

அதனால் போய்ப் பார்க்கிறவர்களுக்கு என் யோசனை, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போங்கள். சுற்றிக் காட்டுகிறேன் என்று கூடவே ஒருவர் வருவார், வரட்டும். நீங்கள் கட்டடத்தைப் பார்க்காமல் படுத்திருப்பவர்களைப் பாருங்கள். வெறித்துப் பார்க்கச் சொல்லவில்லை, அவர்களுக்கும் மானம் மரியாதை உண்டு, கடந்து போகும்போது கண்ணில் படுவதே போதும். உதடு வெடித்திருக்கிறதா? நாக்கில் வெள்ளையாகப் படிந்திருக்கிறதா? நகம் வெட்டியிருக்கிறதா? தண்ணீர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா? அழைப்பு மணி எங்கே இருக்கிறது? என் அப்பாவுக்கு மணி இருந்தது, தலைக்குப் பின்னால் சுவரில். கையைத் தூக்கவே முடியாத மனிதருக்கு.

யாராவது முனகினால் எவ்வளவு நேரத்தில் ஒருவர் எட்டிப் பார்க்கிறார் என்று கவனியுங்கள். உடம்பு துடைக்கும்போதும் டயப்பர் மாற்றும்போதும் திரை இழுக்கிறார்களா? ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களா, "மூணாம் நம்பர் பெட்" என்கிறார்களா? நாற்றம் அடித்தால் அதையும் சும்மா விடாதீர்கள். புற்றுப் புண்ணில் வரும் நாற்றத்தை மெட்ரோனிடசோல் என்கிற மருந்தைப் போட்டே பெருமளவு கட்டுப்படுத்தலாம் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நாற்றம் இந்த நோயில் சகஜம் என்று சொல்லும் இடத்தில் சோம்பேறித்தனமும் சகஜமாக இருக்கும்.

எதிர்வரிசை:

எல்லாம் சரி, ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். ஹாஸ்பிஸ் என்றாலே டாக்டர் கைகழுவிவிட்டார் என்றுதானே அர்த்தம்? ஒரு டாக்டர் முடியாது என்றால் இன்னொரு டாக்டரைப் பார்ப்பதை விட்டுவிட்டு, எந்த ஹாஸ்பிஸ் நல்லது என்று ஆராய்ச்சி செய்வது எனக்கு என்னவோ போல் இருக்கிறது. அவர் தம்பி சொல்வதில் தப்பு என்ன? ஆஸ்பத்திரியில் இருந்தால் குறைந்தது ஆக்சிஜன், ஐசியூ எல்லாம் பக்கத்திலேயே இருக்கும்.

மருந்துச்சீட்டு:

எதிர்வரிசை, இன்னொரு டாக்டரின் கருத்தைக் கேட்பதில் தவறே இல்லை, அதை யாரும் தடுக்கவும் கூடாது. ஆனால் கைகழுவுவது என்கிற பேச்சை விட்டுவிடலாம். இன்று நாம் பார்க்கும் ஹாஸ்பிஸ் முறையைத் தொடங்கி வைத்தவர் சிசிலி சாண்டர்ஸ், 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் திறந்தார். முதலில் நர்ஸ், அப்புறம் ஆஸ்பத்திரியில் சமூகப் பணியாளர், கடைசியில்தான் மருத்துவம் படித்து டாக்டர் ஆனார். இனி செய்ய ஒன்றுமில்லை என்று மற்றவர்கள் ஒதுங்கிக்கொண்ட நோயாளிகளுக்குச் செய்ய எவ்வளவு இருக்கிறது என்று காட்டியதுதான் அவருடைய வேலையே.

2010-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு ஆய்வு வந்தது. பரவிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேர். ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை, மறு பாதிக்கு அதோடு ஆரம்பத்திலிருந்தே பாலியேட்டிவ் கவனிப்பும். இரண்டாவது குழுவினர் மனச்சோர்வு குறைந்து நன்றாக இருந்தார்கள், கடைசிக் காலத்தில் அவர்களுக்குத் தீவிரச் சிகிச்சை குறைவாகத்தான் கொடுக்கப்பட்டது, அப்படியும் அவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டிய அளவு) 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9. இது நோய் கண்டுபிடித்த உடனே தொடங்கிய கவனிப்பு, கடைசிக் கட்டத்தில் சேருகிறவர்களுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பாலியேட்டிவ் என்றால் ஆயுள் குறையும் என்கிற பயத்துக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

கடைசிபெஞ்ச் சார், உங்கள் அம்மாவுக்கு முதுகெலும்பில் பரவியிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் இரண்டு இடத்திலும் இதைக் கேளுங்கள்: "அம்மாவுக்குத் திடீரென்று கால் மரத்துப்போனாலோ, நிற்க முடியாமல் போனாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ என்ன செய்வீர்கள்?" தண்டுவடம் நசுங்கும்போது வரும் அறிகுறிகள் இவை. மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டிய அவசரம். உடனே ஸ்டீராய்டு ஊசி, ஸ்கேன், தேவைப்பட்டால் ரேடியேஷன் என்று போனால் நடை காப்பாற்றப்படலாம், தாமதமானால் படுத்த படுக்கைதான். நல்ல குழுவாக இருந்தால் நீங்கள் கேட்பதற்கு முன்பே, முதல் சந்திப்பிலேயே, இப்படி ஒன்று வரலாம், வந்தால் காத்திருக்காமல் கூப்பிடுங்கள் என்று சொல்லியிருக்கும். "கடைசிக் கட்டம்தானே, அப்படித்தான் இருக்கும்" என்று பதில் வந்தால் அந்த இடம் வேண்டாம்.

அதே மாதிரி எலும்பு வலிக்கு ரேடியேஷன் கொடுக்க ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்களா என்றும் கேளுங்கள். பல நேரங்களில் 8 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவில் ஒரே ஒரு தடவை கொடுத்தாலே வலி நன்றாகக் குறையும், வாரக்கணக்கில் அலைய வேண்டியதில்லை. ஹாஸ்பிஸில் சேர்ந்துவிட்டால் ரேடியேஷன் கிடையாது, ரத்தம் ஏற்றுவது கிடையாது, ஆன்டிபயாடிக் கிடையாது என்று எழுதாத சட்டம் வைத்திருக்கும் இடங்கள் உண்டு. எது உண்டு, எது இல்லை, எந்த நிலைமையில் ஆஸ்பத்திரிக்கு மாற்றுவார்கள், நோயாளி கொஞ்சம் தேறிவிட்டால் வெளியே அனுப்பிவிடுவார்களா, திரும்பச் சேர்த்துக்கொள்வார்களா, இதையெல்லாம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அவர்களுக்கு மருந்து தெரியுமா என்று சோதிக்க எனக்குப் பிடித்த கேள்வி ஒன்று இருக்கிறது. "சிறுநீரகம் பழுதானால் மார்பினை என்ன செய்வீர்கள்?" மார்பின் உடைந்து உண்டாகும் பொருட்கள் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும், அது நின்றால் உடம்பில் தேங்கிக் கை கால் வெட்டி வெட்டி இழுக்கும், குழப்பம் வரும். டோஸைக் குறைப்போம், இடைவெளியைக் கூட்டுவோம், இல்லையென்றால் ஃபென்டனில் மாதிரி வேறொரு வலி மருந்துக்கு மாற்றுவோம் என்று பதில் வர வேண்டும். ஃபென்டனில் பேட்ச், அதாவது தோலில் ஒட்டும் மருந்துப் பட்டை, ஒட்டினால் வேலை செய்யத் தொடங்க அரை நாளாவது ஆகும், பிறகு மூன்று நாள் தாங்கும். வலி ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்போது பேட்ச் மட்டும் ஒட்டிவிட்டுப் போகிறவர்களை நம்ப வேண்டாம். பேட்சின் மேல் வெந்நீர்ப் பை வைக்கக் கூடாது, சூட்டில் மருந்து அதிகமாக உள்ளே இறங்கும், இதைச் சொல்லிக் கொடுக்காமல் போகிறவர்களையும்தான்.

தம்பி சொல்லும் ஐசியூ பற்றி: உங்கள் அம்மாவின் நிலையில் வென்டிலேட்டர் நோயைக் குணப்படுத்தாது. மூச்சுத்திணறலுக்குக் குறைந்த அளவு மார்பினும், முகத்துக்கு நேராக ஓடும் ஒரு சின்ன மின்விசிறியும் பல நேரம் ஆச்சரியப்படும் அளவுக்கு உதவும். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு சரியாக இருக்கிறவருக்கு ஆக்சிஜன் குழாய் பெரிதாகப் பலன் தருவதில்லை. ஆனால் இதை உங்கள் தம்பிக்கு நான் சொல்வதை விட அம்மாவின் டாக்டர் நேரில் சொன்னால்தான் எடுபடும். குடும்பத்தில் எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசுவீர்களா என்று ஹாஸ்பிஸ்காரர்களிடமே கேளுங்கள். அது அவர்கள் வேலையில் ஒரு பகுதிதான்.

மாடித்தோட்டம்:

மருந்து பற்றி மருந்துச்சீட்டும் இரவுப்பணியும் சொல்லிவிட்டார்கள், நான் வீட்டில் இருந்து பார்த்துக்கொண்டவள் என்ற முறையில் சொல்கிறேன். என் மாமியாருக்கு வீட்டுக்கு வரும் குழுதான் வைத்திருந்தோம், எங்களுக்கு நல்லவர்கள் அமைந்தார்கள்.

முதல் நாள் வந்த நர்ஸ் ஃபைலைத் திறக்கவே இல்லை. கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அம்மா, உங்களுக்கு இப்போது எதுதான் ரொம்பத் தொந்தரவாக இருக்கிறது?" என்று கேட்டார். நாங்கள் எல்லோரும் வலி என்று சொல்வார் என்று நினைத்தோம். அத்தை, வாய் காய்கிறது, அப்புறம் ராத்திரி தனியாக விழித்துக் கிடக்கப் பயமாக இருக்கிறது என்றார். அவ்வளவு நாளும் நாங்கள் கேட்கவே இல்லாத கேள்வி அது. நோயாளியோடு பேசாமல் உங்களோடு மட்டும் பேசிவிட்டுப் போகிறவர்களைச் சந்தேகப்படுங்கள். உங்கள் அம்மா "உங்களுக்கு எது சௌகரியமோ" என்கிறார் என்று எழுதியிருந்தீர்களே, அவரிடம் வேறு ஒருவர், பழகிய ஒருவர், தனியாகக் கேட்டால் வேறு பதில் வரலாம்.

அடுத்து, அவர்கள் உங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்களா என்று பாருங்கள். எங்கள் நர்ஸ் வாயைப் பஞ்சுக் குச்சியால் நனைப்பது, உடம்பின் கீழ் விரித்த துணியைப் பிடித்து இரண்டு பேர் சேர்ந்து இழுக்காமல் நகர்த்துவது, குதிகால் படுக்கையில் படாமல் கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைப்பது, இதையெல்லாம் முதலில் செய்து காட்டி, பிறகு என்னைச் செய்யச் சொல்லி, பக்கத்தில் நின்று திருத்தினார். இந்த வேலையில் பாதியை நாம்தான் செய்யப்போகிறோம், வீட்டுக் குழு என்றால் அவர்கள் இருப்பது ஒரு நாளில் கொஞ்ச நேரம்தான். ராத்திரி முழுக்க விழித்திருக்க ஆள் உண்டா என்பதையும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். நாம் சுருண்டு விழும் நிலை வந்தால் சில நாட்களுக்கு மட்டும் நோயாளியைப் படுக்கை உள்ள இடத்தில் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு அவர்களிடம் உண்டா என்றும் கேளுங்கள்.

சாப்பாடு பற்றி எங்கள் வீட்டில் பெரிய சண்டையே நடந்தது. அத்தை சாப்பிடுவதை நிறுத்தியதும் மூக்கில் டியூப் போட வேண்டும், டிரிப் ஏற்ற வேண்டும் என்று சொந்தக்காரர்கள் எல்லாம் கத்தினார்கள். கடைசிக் கட்டத்தில் உடம்பே பசியை விட்டுவிடும், அந்த நேரத்தில் ஏற்றும் தண்ணீர் கால் வீக்கத்தையும் நெஞ்சுச் சளியையும்தான் கூட்டக்கூடும் என்று அந்த நர்ஸ் ஒவ்வொருவரிடமும் பொறுமையாகச் சொன்னார். இனி என்னென்ன நடக்கும் என்றும் முன்கூட்டியே சொல்லியிருந்தார். தூக்கம் கூடும், கை கால் குளிர்ந்து திட்டுத் திட்டாக நிறம் மாறும், மூச்சு வேகமாகி, நின்று, மறுபடி வரும், தொண்டையில் கரகரவென்று சத்தம் கேட்கும், அது கேட்கிற நமக்குத்தான் பயம், அவர்களுக்கு அது தெரிவதில்லை. இதெல்லாம் தெரிந்திருந்ததால் அந்தச் சமயத்தில் யாரும் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு ஓடவில்லை. உங்கள் இரண்டு இடத்திலும் "கடைசி நாட்களில் என்ன நடக்கும் என்று எங்களுக்குச் சொல்வீர்களா?" என்று கேளுங்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு "அதையெல்லாம் இப்போது ஏன் பேச வேண்டும்" என்றால் அவர்களே தயாராக இல்லை என்று அர்த்தம்.

அத்தை போன பிறகும் ஒரு தடவை அந்த நர்ஸ் போன் செய்து நான் தூங்குகிறேனா என்று விசாரித்தார். அப்படி ஒரு பழக்கம் இருக்கிறதா என்றும் கேட்டு வைக்கலாம்.

கடைசிபெஞ்ச்:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு இடத்துக்கும் ராத்திரி போன் செய்தேன். பெரிய இடத்தில் எடுத்தவர் செக்யூரிட்டி, காலை ஒன்பது மணிக்குக் கூப்பிடுங்கள் என்றார். நோயாளிக்கு முடியவில்லை என்றால் என்று கேட்டேன், அதற்கும் காலை ஒன்பது மணிதான். வீட்டுக் குழுவின் எண்ணில் முதலில் யாரும் எடுக்கவில்லை, போச்சு என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு நர்ஸ் திருப்பிக் கூப்பிட்டார், வேறொரு வீட்டில் இருந்தாராம். விசாரிக்கத்தான் என்றதும் கோபிக்கவில்லை, அம்மாவுக்கு இப்போது வலி எவ்வளவு, பத்துக்கு எத்தனை என்று கேட்டார். கால் மரத்துப்போவது பற்றி மருந்துச்சீட்டு சார் சொன்ன கேள்வியைக் கேட்டேன். "முதுகெலும்பில் இருக்கிறதா? அப்படியென்றால் அதைத்தான் நானே சொல்ல இருந்தேன்" என்றார்.

இரண்டு விஷயம் மட்டும் உறுத்துகிறது. அவர்களிடம் படுக்கை கிடையாது, வீட்டில் சமாளிக்க முடியாமல் போனால் எங்கே போவது? அப்புறம் ராத்திரிக்கு மொத்தக் குழுவிலும் ஒரே ஒரு நர்ஸ்தான், இது போதுமா?

இரவுப்பணி:

தம்பி, ஒரே நர்ஸ் என்பது குறைதான், மூடி மறைக்க வேண்டியதில்லை. அந்த ஒருவர் எத்தனை வீட்டுக்குப் பொறுப்பு, அவர் வேறு வீட்டில் மாட்டிக்கொண்டால் போனை அடுத்து யார் எடுப்பார் என்று கேளுங்கள், இரண்டாவது எண் ஒன்று கட்டாயம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். படுக்கைக்கு அவர்கள் ஏதாவது ஆஸ்பத்திரியோடு ஏற்பாடு வைத்திருப்பார்கள். எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு, எமர்ஜென்சியில் போய் வரிசையில் நிற்காமல் நேராகப் படுக்கைக்குப் போக முடியுமா, கொண்டுபோக வண்டி யாருடையது, இவற்றைப் பெயரோடு சொல்லச் சொல்லுங்கள். "பார்த்துக்கொள்ளலாம்" என்று இழுத்தால் சேருவதற்கு முன் நீங்களே ஒரு ஆஸ்பத்திரியில் பேசி வைத்துவிடுங்கள்.

சேர்ந்த பிறகும் பிடிக்கவில்லை என்றால் மாற்றலாம், ஒன்றும் குடி முழுகிப் போகாது. முதல் வாரத்திலேயே அம்மாவின் வலி எண் இறங்குகிறதா, ராத்திரி தூங்குகிறாரா, மலம் கழிகிறதா என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள். மூன்றும் சரியாகவில்லை, கேட்டால் சாக்குச் சொல்கிறார்கள் என்றால் அடுத்த இடம் தேடுங்கள். ஸ்கேன் ரிப்போர்ட், பழைய மருந்துச் சீட்டு எல்லாவற்றின் நகலும் உங்களிடமே ஒரு கவரில் இருக்கட்டும், மாற்றும்போது அதைத் தேடித்தான் எல்லோரும் திண்டாடுகிறார்கள்.

கடைசிபெஞ்ச்:

சரி அக்கா. வீட்டுக் குழுவையே வரச் சொல்லிவிட்டேன், வியாழக்கிழமை முதல் சந்திப்பு. அக்காவும் தம்பியும் கூட இருக்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். மாடித்தோட்டம் மேடம் சொன்ன மாதிரி அம்மாவோடு கொஞ்ச நேரம் தனியாகப் பேசுங்கள் என்று அவர்களிடம் கேட்டேன், அது இல்லாமல் எங்கள் முதல் சந்திப்பே கிடையாது என்றார்கள். ஆஸ்பத்திரி படுக்கை விஷயம் என்ன ஆயிற்று என்று அதற்குப் பிறகு இங்கேயே எழுதுகிறேன்.